உட்காராத விருந்தாளி

என் பாப்பாவுக்கு,

உன் ஜன்னலோரச் செடியை, வாலில் கொம்பு வைத்த ஒரு பச்சைப் புழு மொட்டையடித்துவிட்டது. நசுக்கப் போனேன். "விடுங்க, இலை திரும்ப வந்துடும்" என்று அம்மா தடுத்தாள். வயிறு நிறைந்ததும் புழு மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

இன்று அந்த மண்ணிலிருந்து அந்துப்பூச்சியாக எழுந்து வந்தது. சிறகை உதறியதும் சாம்பல் தூளெல்லாம் கொட்டிவிட்டது. பாழாய்ப் போயிற்று என்று நினைத்தேன். பார்த்தால், சிறகு கண்ணாடியாகி, அதற்குள் தெருவே மிதந்தது. பட்டப்பகலில், பக்கத்துத் தொட்டிப் பூவின் முன் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடித்தது.

"போன தடவை வந்தப்ப நம்ம பொண்ணு டீ குடிச்ச மாதிரியே, உட்காராமக் குடிச்சிட்டுப் போகுது," என்றாள் அம்மா. "இதையும் நீங்க உட்காருன்னு சொல்லலை."

உன் நாற்காலியில் குவித்திருந்த துணிகளை மடித்து எடுத்து வைத்துவிட்டேன்.

அப்பா