நீ ஏறவிடாத மென்பொருள்

இன்று மத்தியானம் மடிக்கணினியைத் திறந்ததும் திரையில் ஐந்து கோடுகள் வந்து நின்றன. இசைக்குறிப்பு எழுதும் அந்த மென்பொருள்தான். எத்தனையோ சனிக்கிழமைகள் உன் வீட்டில் நாம் இரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்து காத்திருந்தது இந்தக் கோடுகளுக்காக. நீ இருந்தவரை அவை வரவேயில்லை. இப்போது என் வீட்டில், மிளகு காயும் வாசலுக்குப் பக்கத்தில், ஒன்றும் நடக்காததுபோல் வந்து நிற்கின்றன.

சேலத்தில் இசை படித்தபோது ஒரே விடுதி அறை நமக்கு. எனக்கு மெட்டு வரும். ஸ்வரம் எழுதுவேன். ஆனால் கோடு போட்ட மேற்கத்தியக் குறிப்பு கடைசிவரை கைவரவில்லை. உனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. படித்து முடித்து நான் எங்கள் மலையூரான வளப்பூர் நாட்டுக்கே திரும்பிப் பள்ளியில் பாட்டு டீச்சரானேன். நீ ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி முள்ளுக்குறிச்சிக்கு வந்தாய். மலைக்கு மேலே நான், அடிவாரத்தில் நீ. உன் வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். அந்த வீட்டின் அமைதி எனக்குத் தெரியும். அது உன்னை என்ன செய்தது என்பதுதான் தெரியவில்லை.

பிள்ளைகளுக்காக நான் கட்டிய பாட்டுகளைப் பள்ளி விழாவில் யாரோ கேட்டுப்போய்ச் சொல்ல, திருச்சியில் ஒரு குழந்தைகள் பாடல் குழு அவற்றைத் தங்களுக்குத் தரும்படி கேட்டது. ஒரு கெடு வைத்து, அதற்குள் எல்லாவற்றையும் கோட்டுக் குறிப்பில் அச்சாக அனுப்பினால் மேடையேற்றுவதாகச் சொன்னார்கள். என் பாட்டு மலையைவிட்டு இறங்கப்போகிறது என்று துள்ளிக்கொண்டு உன்னிடம்தான் முதலில் வந்தேன்.

"இதுக்குன்னே ஒரு சாப்ட்வேர் இருக்குது புள்ள. சனிக்கிழம உன்ற கம்ப்யூட்டர எடுத்துக்கிட்டு வா, ஏத்திப்புடலாம்" என்றாய்.

மடிக்கணினியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அதைக் குழந்தைபோலப் பிடித்துக்கொண்டேன். உள்ளே நுழைய எனக்கென்று ஒரு கணக்கு, பராமரிப்புக்கென்று உனக்கு ஒரு கணக்கு என்று நீ கம்ப்யூட்டரை இரண்டாகப் பிரித்தாய். பிறகு மென்பொருளை ஏற்ற ஆரம்பித்தாய். திரையில் பட்டை கடைசிவரை பச்சையாக நிரம்பியது. அப்புறம் ஒரு கட்டம் வந்து நின்றுவிட்டது. உள்ளே ஏதோ ஓர் எண், நாலு ஆங்கில வார்த்தை.

"உன்ற சிஸ்டம் பழசு புள்ள. தாங்க மாட்டீங்குது."

அடுத்த வாரம் வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தாய். அதற்கடுத்த வாரம் பழையதை அழித்ததாகச் சொல்லி மறுபடி இறக்கினாய். ஒவ்வொரு தடவையும் அதே கட்டம். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. நீ படித்துச் சொல்லும்போது நான் ஏன் படிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். இடையில் நீ சமைத்தாய், சாப்பிட்டோம், விடுதிக் கதைகள் பேசிச் சிரித்தோம். சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு நீயே வந்து ஏற்றிவிட்டாய்.

கெடு முடிந்தது. வேறு பாட்டுகளை எடுத்துக்கொண்டதாகத் திருச்சியிலிருந்து போன் வந்தது. உன்னிடம் சொன்னபோது நீ அழுதாய். "உடு புள்ள, நீ என்ன பண்ணுவ?" என்று உன் கண்ணை என் முந்தானையால் துடைத்தேன். என் அழுகையை வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

அப்புறம் ஒரு காலையில், தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நீ போய்விட்டாய்.

போன வாரம் அந்த மென்பொருளை ஏற்றித்தரச் சொல்லி மடிக்கணினியைச் செம்மேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், இது ஏற்கெனவே ஏறித்தானுங்க இருக்குது."

"எங்கீங்க?"

"இன்னொரு கணக்குல. மொத தடவையே நல்லா ஏறியிருக்குதுங்க. உங்க கணக்குல தொறக்காத மாதிரி யாரோ தடை போட்டு வெச்சிருக்காங்க."

"தெரியாம அப்படி ஆயிருக்குமுங்களா?"

"இல்லீங்க. இது வேணும்னே போட்டாத்தானுங்க வரும்."

அவர் தடையை எடுத்துவிட்டார். நான் வீட்டுக்குப் போகாமல் நேரே முள்ளுக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் உன் தங்கையிடம் கேட்டேன்.

"அக்கா ஒருக்கா சொல்லுச்சுங்க டீச்சர். 'அது ஓடிருச்சுன்னா அவ எதுக்கு எறங்கி வரப்போறா'ன்னு. வெளையாட்டுக்குச் சொல்லுதுன்னு நெனச்சனுங்க."

பாசம்தானே என்று அவள் கண் என்னைக் கெஞ்சியது. என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் முகம் வாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாயே! என் பாட்டை அடைத்துவைத்துக்கொண்டு எனக்கே சோறு போட்டாயே! 'தனியா இருக்க முடியல, வா புள்ள' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பேனே. மழையென்றும் பாராமல் வந்திருப்பேனே. சண்டை போடக்கூட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டாய்.

இப்போது நானே கற்றுக்கொண்டு எழுதுகிறேன். தப்பும் தவறுமாகத்தான் வருகிறது. இன்று முதல் பாட்டின் நாலு அடியை ஏற்றி முடித்து ஒலிக்கவிட்டேன். நிற்காமல் மூச்சுமுட்ட ஓடியது. எங்கே பிழை என்று தேடும்போது, விடுதி அறையில் என் தாளைப் பிடுங்கி நீ திட்டியது காதில் விழுந்தது: "நிறுத்தத்தையும் எழுது புள்ள. எழுதலீன்னா பாடற கொழந்தைக எங்க மூச்சு உடும்?"

ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஒரு நிறுத்தக் குறி வைத்தேன். பாட்டு சரியாகிவிட்டது. உன்மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது.