ஆம், இல்லை, காத்திரு

4 ஆகஸ்டு 1958, திங்கள்
காலையில் மூட்டமாக இருந்தது. மழை இல்லை. கிணற்றுக்கயிறு மாற்றினேன்.

பத்து மணிக்கு உபதேசியார் வந்தார். கூடவே பெருநகர் ஊர்க் கம்பவுண்டரின் அக்காள். மகள் ரெபேக்காளைத் தம்பிக்குப் பெண் கேட்டு. மாப்பிள்ளைக்கு நாற்பது வயது. மனைவி இறந்து நான்கு வருஷம், பிள்ளை இல்லை. குடி இல்லை என்று உபதேசியார் இரண்டு தரம் சொன்னார்.

ஆண்டவருடைய சித்தத்தை அறிந்து சொல்வதாகச் சொன்னேன். அந்த அம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “இன்னா வாத்தியாரே, பொண்ணுக்கு முப்பத்திரெண்டு ஆவுது. ஆண்டவரு இன்னுமா ரோசன பண்ணிக்கினு கீறாரு?” என்றாள். உபதேசியார் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “ஞாயித்துக்கெழம கோயில் மணி அடிக்கறதுக்குள்ள சொல்லிடுங்க. இல்லாட்டி கூரத்துல ஒரு எடம் கீது.”

அவர்கள் போன பிறகு ரெ. தானாகவே சொன்னாள்: “எனக்குப் புடிச்சிக்கீது நைனா.” இதற்கு முன் எந்த வரனுக்கும் அவள் இப்படிச் சொன்னதில்லை.

ஜெபிப்போம் என்றேன்.

5, செவ்வாய்
வெயில். மத்தியானம் வரை உபவாசம்.

வழக்கம்போல் மூன்று சீட்டு. ஒரே காகிதம், ஒரே அளவு, நான்காக மடித்தது. ஆம். இல்லை. காத்திரு. வேதாகமத்துக்குள் வைத்து, முழங்காலில் நின்று ஜெபித்து, கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன்.

காத்திரு.

மனது லேசானது. ஏன் லேசானது என்று பிறகு யோசித்தேன். பதில் பிடிக்கவில்லை.

இதற்கு முன் சீட்டுப் போட்டவை, நினைவிலிருந்து:
தலைமையாசிரியர் வேலைக்கு வெளியூருக்கு அழைத்தது. காத்திரு. வேறொருவர் போனார்.
மனைவி அன்னம்மாளின் வயிற்றுக்கட்டிக்கு ஆபரேஷன். காத்திரு. மூன்றாம் மாதம் அடக்கம்.
ரெ.க்கு முதல் வரன். இல்லை.
இரண்டாவது வரன். காத்திரு.

வரிசையாக எழுதிப் பார்த்தது இதுவே முதல் தடவை.

6, புதன்
ரெ. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

“நைனா, வேணாம்னு ஒரு சீட்டு. அப்பறம்னு ஒரு சீட்டு. சரின்னு ஒண்ணே ஒண்ணு. அப்பறம்னா இன்னா? அதுவும் வேணாம்தானே? ஆண்டவருக்கு ஒரு சீட்டு, ஒங்க பயத்துக்கு ரெண்டா?”

முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவன் நான். இது தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேனோ.

“அம்மாவுக்கும் மூணுதான் போட்டீங்களா?” என்று கேட்டாள். முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

8, வெள்ளி
நேற்று எதுவும் எழுதவில்லை. தலைவலி.

இன்று இரண்டே சீட்டு. எடுத்தது: ஆம்.

சந்தோஷம் வரவில்லை. அவள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு எடுத்த சீட்டு ஆண்டவருடையதா, அவளுடையதா? ஒரே வாரத்தில் இரண்டு பதில், எது மெய்? இன்னொரு அடையாளம் கேட்டேன். நாளை சாயங்காலத்துக்குள் மழை பெய்தால் பெருநகர் போய்ச் சம்மதம் சொல்வது. ரெ.யிடம் சொல்லவில்லை.

9, சனி
வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சட்டை மாற்றிக்கொண்டு மூன்றரைக்கே பஸ் நிலையம் போனேன். நாலரை பஸ் வந்தது. கண்டக்டர், “பெர்சு, ஏறுறியா, இல்ல வேடிக்க பாக்க வந்தியா?” என்றான். அண்ணாந்து பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. பஸ் போய்விட்டது.

விளக்கு வைத்த பிறகு மழை. நல்ல மழை. அது சாயங்காலத்தில் சேருமா சேராதா என்று வெகு நேரம் யோசித்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கடைசி பஸ்ஸும் போயிருக்கும்.

10, ஞாயிறு
தரையெல்லாம் ஈரம். ஆராதனை முடிந்ததும் வாசலில் உபதேசியாரைப் பிடித்து, எங்களுக்குச் சம்மதம் என்றேன். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

“மணி அடிக்கிற வரைக்கும் பாத்தாங்க ஐயா. நீங்க வாயத் தொறக்கல. பின் பெஞ்சில அவங்க ஆள் குந்திக்கினு இருந்தான், சைக்கிள எடுத்துக்கினு கூரத்துக்குப் போய்ட்டான். வர்ற ஞாயிறே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறாங்க.”

ரெ. என் பின்னால் நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வீடு வரும்வரை முன்னால் நடந்தாள்.

சாப்பிடும்போது, “எல்லாம் ஆண்டவர் சித்த...” என்று தொடங்கினேன்.

“அத மட்டும் சொல்லாதீங்க நைனா. அவர் தலைல போடாதீங்க.”

குழம்பு ஊற்றினாள். அவள் சாப்பிடவில்லை.

நான் இத்தனை வருஷமும் கேட்டது வழி அல்ல. பழி சுமக்க ஒருவரைத் தேடியிருக்கிறேன். அவர் பேசாமல் சுமந்தார். அன்னம்மாளும் பேசவில்லை.

11, திங்கள்
தபாலாபீசில் உபதேசியார். கூரத்துப் பெண் வீட்டார் எப்படி ஆண்டவர் சித்தம் அறிந்தார்கள், சீட்டா, உபவாசமா என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

“சீட்டா? பொண்ணக் கூப்ட்டு கேட்டாங்க. சரின்னுச்சு. ஜெபம் பண்ணிட்டு நாஷ்டா துன்னோம்.”

12, செவ்வாய்
காலை ஜெபத்துக்கு ரெ.யைக் கூப்பிட்டேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள். எட்டிப் பார்த்தேன். அடுப்பு மூட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.