முள்ளால் மூடிய கிணறு

சுருளிப்பட்டி,
மாசி, 1936

ஏலத்தோட்டத்தில் இருக்கும் என் மாமாவுக்கு,

உங்கள் அய்யாவைப் பற்றி மட்டும் ஏன் எழுதுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

போன வருஷம் அறுவடை முடிந்ததும் நிலம் அளக்க ஆட்கள் வந்தார்கள். வரி கூட்டத்தான் வருகிறார்கள் என்று அய்யா எப்போதும்போல மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையைக் கழற்றி ஒளித்தார். மாடுகளைக் கோம்பைக்கு ஓட்டிவிட்டுக் கிணற்றை முள்ளால் மூடினார். "வானம் பாத்த பூமி சாமி, கெணறே கெடையாது" என்று கும்பிட்டார். நானும் தலையாட்டினேன்.

வந்தவர்கள் வரிக்காரர்கள் அல்ல. பெரிய வாய்க்கால் வெட்ட இடம் குறிக்க வந்தவர்கள். வாய்க்கால் நம் தோட்டத்தின் வழியாகத்தான் போகிறது; கிணறு இல்லாத நிலம் என்று எழுதி, மானாவாரி விலைதான் என்று முடிவாகிவிட்டது. ஊருக்கெல்லாம் தண்ணீர் வருமாம், நம் தண்ணீரைப் புதைத்துவிட்டு!

அய்யா ஒரு குடம் இறைத்துக் கொண்டுபோய் ஆபீசர் முன்னால் வைத்தார்.

"நீதான கெணறு இல்லன்னு சொன்னே?"

"வரிக்குப் பயந்து சொன்னேன் சாமி. குடிச்சுப் பாருங்க."

அவர் குடித்தார். நல்ல தண்ணீர் என்றும் சொன்னார். எழுதியதை மட்டும் மாற்றவில்லை.

இன்று காலை கிணற்றை மூட ஆட்கள் வந்தார்கள். கிணற்று மேட்டில் அய்யாவின் துண்டும் செருப்பும் இருந்தன. வந்தவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆத்தா, வடம் இருக்கா?" என்று கேட்டார்கள். கமலை வடத்தை நானே அவிழ்த்துக் கொடுத்தேன்.

இதைக் கொண்டுவரும் என் அண்ணன் பேச்சிமுத்துவோடு உடனே புறப்படுங்கள். அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். அய்யாவுக்குப் புகையிலை வாங்க வேண்டாம். வழியில் முடி வெட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் வீட்டுக்காரி