நல்லி எலும்புக்குள் கேட்ட கூப்பாடு

அன்புள்ள நைனாவுக்கு,

மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தபோது உங்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. இப்போது ஊரே கேட்கும்படி எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் மெதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. தங்கச்சி கலைக்குச் சுண்ணாம்புக்குளத்தில் ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஏரியில் மீன்பிடிக்க ஊர் முறை வைக்கும் பாட்டில், உங்கள் முறை வரும் நாளில் இப்போது சித்தப்பா வலை கட்டுகிறார். நான் சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ரத்த அணுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வேலை. அம்மாவின் காலில் கெளுத்தி முள் குத்தியிருக்கிறது. இதை அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன், முடியவில்லை.

உங்களுக்கும் அதே முள்தானே? பாட்டு நாளை விட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டுமே என்று, காயத்தில் சுண்ணாம்பைத் தடவி, துணியைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினீர்கள். நம் ஊரில் யார்தான் அப்படி இறங்கவில்லை? முழங்கால் வரை வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம், முதிராத அணுக்களும் தெரிகின்றன என்றார்கள். வராந்தாவில் நின்ற யாரோ, "அப்போ ரத்தப் புத்துநோய்தான்" என்றார். உங்களை ஊருக்குக் கொண்டுவரும் முன்பே அந்தச் சொல் படகேறி வந்துவிட்டது.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, புற்றுநோய் இல்லை, காயத்தின் வழியாகப் போன கிருமிதான் காரணம் என்றார். தலையாட்டினேன். அப்படியென்றால் ரத்தம் ஏன் அப்படி இருந்தது என்று கேட்க வாய் வரவில்லை. காரியத்தன்று சித்தப்பா வந்தவர்களிடமெல்லாம், "எங்கண்ணனுக்கு ரத்தத்துலயே இருந்துச்சுபா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம் வீட்டில் பட்டம் வாங்கிய ஒரே ஆள் நான், பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று கேட்காத கேள்விக்கு, வேலைக்காகப் படித்தபோதுதான் பதில் கிடைத்தது. கிருமி நுழைந்ததும், காயத்தருகே காவலிருக்கும் அணுக்கள் அதைத் தொட்டுப் பார்த்தே வேற்று ஆள் என்று கண்டுகொள்கின்றன. பிறவியிலேயே வந்த அறிவு அது. உடனே ரத்தத்தின் வழியே அபாயச் செய்தி அனுப்புகின்றன. அந்தக் கூப்பாடு எலும்பு மஜ்ஜை வரை போகிறது. அங்கேதான் ரத்த அணுக்களுக்கெல்லாம் தாயான அணுக்கள் இருக்கின்றன. கிருமியின் வாடையை அறியும் திறன் அவற்றுக்கும் உண்டாம். கூப்பாடு கேட்டதும் அவை தம் போக்கையே மாற்றிக்கொள்கின்றன. நிதானமாகப் பழகி வளர வேண்டிய வகையைக் குறைத்துவிட்டு, ஓடிப்போய்க் கிருமியை விழுங்கும் வகையைப் பெருக்குகின்றன. அவசரம் மிஞ்சினால் பாதி வளர்ந்தவற்றையும் வெளியே அனுப்பிவிடுகின்றன.

படகு கவிழ்ந்துவிட்டது என்று சத்தம் கேட்டால் நம் ஊரில் சட்டை மாட்டாதவன், துடுப்புப் பிடிக்கத் தெரியாதவன் என்று எல்லோரும் கரைக்கு ஓடுவார்களே, அப்படி. அந்தக் கூட்டத்தைப் பார்த்து வெளியூர்க்காரன் கலவரம் என்று நினைத்தால்? உங்கள் ரத்தத்தில் இருந்தது உங்களைக் காப்பாற்ற ஓடிவந்த கூட்டம், நைனா. அதைத்தான் நம் ஊர் நோய் என்கிறது.

இதை அம்மாவிடம் சொல்லத்தான் இந்த முறை வந்தேன். அம்மா தண்ணீரில் இறால் துழாவிவிட்டு வந்து, காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பிழிந்துகொண்டிருந்தாள். முள் குத்திய இடம் ஆறவேயில்லை. சுற்றிலும் சிவந்திருந்தது.

"நைனாவுக்குப் புத்துநோய் இல்லம்மா. ரத்தத்துல இருந்த அந்த அணுவெல்லாம் மஜ்ஜையில உற்பத்தியாகுது" என்று ஆரம்பித்தேன்.

"இன்னாடி அது?"

"எலும்புக்குள்ள இருக்கும்ல..."

"நல்லியா? உறிஞ்சுவோமே, அதா?"

"அதேதான்."

"உங்க நைனா எத்தினி நல்லிய உறிஞ்சிருப்பாரு! அதான் பழிவாங்கிடுச்சு" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தத் தைரியத்தில், "ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "போனா ரத்தம் எடுப்பான். எடுத்தா உங்க நைனாவுக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லுவான். அப்பால கலைய எவன் கட்டுவான்?"

"நைனாவோட ரத்தம் உனக்கு எப்டிம்மா வரும்?"

"ஒரே தட்டுல துன்னேன்ல? இத்தினி வருசம் குடும்பம் பண்ணேன்ல?"

வாசலில் வலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த சித்தப்பா தலையைத் தூக்கினார். "ஏம்மா படிச்சவளே, புத்துநோய் இல்லன்னா அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வச்சினு இருந்த?"

கேலியாகத்தான் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று பந்தலில் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால், இன்று அம்மா ஊசிக்குக் கை நீட்டப் பயப்படுவாளா? நம் ஊரில் முள் குத்தியவர்கள் புண்ணோடு தண்ணீரில் இறங்குவார்களா? கண்ணுக்குத் தெரியாத அணுகூட ஆபத்து வந்தால் கூப்பாடு போடுகிறது. நான் சும்மா நின்றேன். எதிரில் யாரும் இல்லாததால், காகிதத்தில் இவ்வளவு பேசுகிறேன். அதுவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த பாட்டு முறையை முடிவு செய்ய ஊர் கூடும்போது இந்தக் கடிதத்தை நானே எழுந்து வாசிப்பேன். குரல் நடுங்கினாலும் நிறுத்த மாட்டேன். ஆஸ்பத்திரியில் அம்மா தயங்கினால் முதலில் என் கையை நீட்டுவேன். உங்கள் ரத்தம் ஓடுவது என் உடம்பில்தானே? இது சத்தியம்.

ஆனால் அதற்கு அம்மா முதலில் நம் தீவை விட்டுப் படகேற வேண்டும். அதற்காகத்தான் ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு படித்துவிட்டு இதைக் கேட்கிறாளே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

நேற்று விடியற்காலையில் நீங்கள் அம்மாவின் கனவில் வந்தீர்களாம். குழம்பில் உப்பு கம்மி என்றீர்களாம். எழுந்ததிலிருந்து அதையே சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகிறாள். நான் சொல்வது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அடுத்த முறை வரும்போது உப்பை விடுங்கள், நைனா. குனிந்து அவள் காலைப் பாருங்கள். பார்த்துவிட்டு, பெரிய பெண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் போவாள்.

உங்கள் பெரிய பெண்,
பசியாவரம்.