தெருமுக்கில் என்னை நிறுத்திய நாடகம்

என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட உரிமையுள்ள ஒரே அண்ணனுக்கு,

செத்துப்போனவர்களை ஏசக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். ஏசாமல் நான் உன்னிடம் என்றைக்குப் பேசியிருக்கிறேன்? சின்ன வயசிலிருந்தே நமக்குள் பேச்சு என்றால் வழக்குதான். நீ போய் இரண்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருந்ததில் எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. உன் கூட்டாளிகள் நடத்துகிற சின்னப் பத்திரிகையில் உனக்கு ஒரு அஞ்சலி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அஞ்சலியெல்லாம் எனக்கு வராது, வேண்டுமானால் சண்டை எழுதித் தருகிறேன் என்றேன். அதையே எழுதும்மா என்றுவிட்டார்கள்.

முதலில் ஊர்ச் சங்கதி. இந்த ஐப்பசி ஏமாற்றிவிட்டது. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, அப்படியே வேறு பக்கம் போய்விடுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. வாய் மட்டும் குறையவில்லை. நான் இன்னும் புதியம்புத்தூரில்தான் தைக்கப் போகிறேன். இப்போது பள்ளிக்கூட யூனிபாரம் ஓடுகிறது, நீலப் பாவாடைக்கு மடிப்பு வைத்து வைத்தே கண் பூத்துப்போகிறது. உன் நாடகத்து ராஜா வேலுச்சாமி சைக்கிள் கடையோடு செல்போன் கார்டும் விற்கிறான். மேடையில் பழகிய அதிகாரத்தைக் கார்டு வாங்க வருகிறவர்களிடம் காட்டுகிறான்.

சரி, இனி சண்டைக்கு வருகிறேன்.

போன மாசம் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கிரேக்க நாடகம், ரோமாபுரி நாடகம் எல்லாம் தமிழ்நாட்டுக்கு வந்து எப்படி உருமாறின என்று ஆராய்ச்சி செய்கிறாராம். யாரோ உன் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். வேலுச்சாமி அவரைக் கடை ஸ்டூலில் உட்கார வைத்து, கலர் சோடா உடைத்துக் கொடுத்து, எனக்கும் ஆள் விட்டான். அவர் உன்னைப் புகழ்ந்த புகழ்ச்சியை நீ கேட்டிருந்தால் ஒரு வாரத்துக்கு உன்னை வீட்டில் வைத்திருக்க முடியாது. எதைப் புகழ்ந்தார் தெரியுமா? தெருமுக்குக் காட்சியை. எந்தக் காட்சிக்காக நானும் நீயும் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோமோ, அதையே.

படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமென்றால் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் எழுதினதை எனக்கே சொல்லுதாளே என்று நினைக்காமல் கேட்டுக்கொண்டிரு.

கரண்ட் ஆபீஸில் உனக்கு மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. ஊர் ஊராகச் சைக்கிளில் அலைவாய், பையில் எப்போதும் ஒரு புத்தகம் கிடக்கும். கோவில்பட்டி நூலகத்திலிருந்து அந்தக் கிரேக்க நாடகத்தை எடுத்து வந்த அன்றைக்கு நீ சோற்றில் கை வைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். ஒருவனுக்கு மரியாதையோடு அடக்கம். இன்னொருவன் துரோகி, அவன் பிணத்தை நாயும் கழுகும் தின்னட்டும், மண் போடுகிறவர்களுக்குச் சாவு என்கிறான் ராஜா. கூடப்பிறந்தவள் போய் மண்ணள்ளிப் போடுகிறாள். அதற்காகச் சாகவும் செய்கிறாள். அவ்வளவுதான் கதை.

ரோமாபுரிக்காரன் இந்த மாதிரிக் கதைகளை வாங்கி ரத்தத்தையும் பேயையும் கூட்டினான். பிரான்சில், எதிரிப் படை ஊருக்குள் நிற்கும்போதே ராஜாவுக்குக் கோட்டு மாட்டி ஆடினார்கள். ஆப்பிரிக்காவில் கைதிகள் ஜெயிலுக்குள்ளேயே ஆடினார்கள். இப்படி நீ சொல்லிக்கொண்டே போனாய், அம்மா பாசிப்பயறு புடைத்துக்கொண்டே ‘உம்’ கொட்டினாள்.

“ஒவ்வொரு ஊர்க்காரனும் அவளுக்கு அவன் ஊர்த் துணிய உடுத்தி விட்டுருக்கான் ஏட்டி. நம்ம சேலையக் கட்டி விடுவோம்” என்றாய்.

“எவ நடிப்பா?”

“நீதாம்.”

கரிசலுக்குத் தோதாக நீ அதை மாற்றிய விதத்தில் எனக்குக் குறை இல்லை. ராஜாவை ஜமீன்தார் ஆக்கினாய். சிம்மாசனச் சண்டையைக் கண்மாய்த் தண்ணீர்ச் சண்டை ஆக்கினாய். அங்கே ஓரமாக நின்று பாடுகிற கிழவர் கூட்டத்துக்குத் தலைப்பாக் கட்டி ஊர்க்கூட்டமாக உட்கார வைத்தாய். ஜவுளிக்கடை காதர் அண்ணன் பிணமாகப் படுத்தார். எறும்பு கடித்தாலும் அசைய மாட்டார், அவ்வளவு நல்ல பிணம்.

முதல் ஆட்டம் புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். ஆடு அடைந்து, சனம் கஞ்சி குடித்து வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தோம். நான் சுடுகாட்டுக்குப் போய் அண்ணன் மேல் மண் போடுகிற இடம் வந்தது. வேலுச்சாமி மீசையை முறுக்கிக்கொண்டு உறுமினான். சனம் என் பக்கம் நிற்கும், கண்ணீர் விடும் என்றுதானே நினைத்தோம்? முன்வரிசையில் இருந்த ஒரு கீதாரி, ஆட்டுக்காரர்களுக்கெல்லாம் பெரியவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ராசா சொல்லுததுல என்னய்யா தப்பு? பொட்டப்புள்ள சுடுகாட்டுக்குப் போலாமா? ஊர்ல ஆம்பளையே இல்லாமப் போச்சா?”

கூட்டம் மொத்தமும் ‘அதான, அதான’ என்றது. பொம்பளைகளும்தான். ஒரு அக்கா மேடை ஓரமாகவே வந்து எனக்குப் புத்தி சொன்னாள். “எதுத்துப் பேசாத தாயி. அவிய நல்லதுக்குத்தான சொல்லுதாவ.” வேலுச்சாமிக்கு வாழ்நாளில் கிடைக்காத கைதட்டல். நான் செத்து விழுந்தபோது ஒரு குஞ்சு அழவில்லை.

திரும்பி வரும்போது நீ இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாய். “தப்பு நம்மளுதுதாம். அந்தக் காலத்துல அங்கன பொணத்தக் குளிப்பாட்டுததும் அழுததும் பொம்பளையாளு கடமை. அவ செஞ்சது ராசாவுக்கு மட்டுந்தாம் குத்தம். இங்கன ஊருக்கே குத்தம்லா” என்றாய். நான் என்ன சொன்னேன்? அப்படியென்றால் இந்த நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் உலகத்தில் கிடையாது, அங்கே அவள் ராஜா ஒருத்தனை எதிர்த்தாள், இங்கே எல்லாரையும் எதிர்க்கிறாள், விடாதே என்றேன். நீ விட்டுவிட்டாய்.

அடுத்த ஆட்டத்துக்குள் மாற்றி எழுதிக்கொண்டு வந்தாய். இப்போது தங்கச்சி சுடுகாட்டுக்குப் போக மாட்டாள். தெருமுக்கில் நிற்பாள். அங்கேயே குனிந்து மண்ணெடுத்து, சுடுகாடு இருக்கிற திசையைப் பார்த்து வீசுவாள். இங்கே போட்ட மண் அங்கே போய்ச் சேரும் என்று உருக்கமாக ஒரு பாட்டு வேறு. இதற்குப் போய் எந்த ராஜா சாவுத் தண்டனை கொடுப்பான் என்று கேட்டேன்.

“சனம் ஏத்துக்கிடணும் ஏட்டி. கிரேக்கத்துக்காரன் வந்து பாக்கவா போறான்?”

கழுகுமலையில் ஆடினோம். சனம் தேம்பித் தேம்பி அழுதது. உனக்கு ஒரே சந்தோஷம், எனக்கு எரிச்சல். அழுதார்கள் சரி, வீட்டுக்குப் போய் எவனுக்காவது தூக்கம் கெட்டிருக்குமா?

அந்தச் சண்டை முடியாமலே நீ போய்விட்டாய். காலையில் வேலைக்குக் கிளம்பினவன், நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திவிட்டார்கள். அப்பா இல்லை. நீயும் கல்யாணம் வேண்டாம் என்று திரிந்தவன். உனக்கென்று இருந்தது நானும் அம்மாவும்தான். ஆனால் முதல் மண் போட யாருக்கு ஆள் போனது தெரியுமா? வாய்க்கால் தகராறில் உன்னோடு பேச்சு வார்த்தையை அறுத்துக்கொண்ட சித்தப்பா மகனுக்கு. அவனும் ஜம்மென்று வந்து முன்னால் நின்றான்.

உன்னைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனேன், வாய்க்கரிசி போட்டேன். உன்னைத் தூக்கினார்கள். நானும் பின்னாலேயே நடந்தேன். ஊரை எதிர்க்க வேண்டும் என்றெல்லாம் யோசிக்கவில்லை. என் அண்ணன் போகிறான், நானும் போகிறேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

தெருமுக்கில் அம்மா என் கையைப் பிடித்தாள். “வேண்டாம் ஏட்டி, ஊர் வாயில விழாத” என்றாள். உதறினேன். முன்னால் வந்து மறித்தது வேலுச்சாமி. அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது. அதட்டியிருந்தால் அறைந்திருப்பேன், அவன் கெஞ்சினான்.

“தங்கச்சி, அண்ணாச்சியே மாத்தி எழுதி வச்சிட்டுத்தான போயிருக்காவ? தெருமுக்குல நின்னு போட்டாப் போதும்னு? அவிய சொன்னதுதாம்மா. இங்கனயே போட்டுரு.”

பக்கத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் நம் நாடகத்தைப் பார்த்தவர்கள். ‘ஆமா தாயி, அதான முறை’ என்றார்கள். முறையாம். கழுகுமலையில் நாலு பேர் அழுவதற்காக நீ எழுதினது அதற்குள் முறையாகிவிட்டது. அம்மா மறுபடி என் கையைப் பிடித்தாள், இந்தத் தடவை விடவில்லை. மற்றக் கையால் குனிந்து எடுத்தேன். தார் ரோட்டு ஓரம், எல்லாம் சரளை. வீசினேன். அது பாடைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த காதர் அண்ணன் வேட்டியில் போய் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடாமல் நடந்தார்.

அண்ணே, ஊர் மட்டும் தடுத்திருந்தால் ஊரோடு மல்லுக்கு நின்றிருப்பேன். நீ எழுதினதைக் காட்டித் தடுத்தால் நான் யாரோடு மல்லுக்கு நிற்க?

இந்தக் காட்சியைத்தான் அந்தப் பேராசிரியர், மூலத்தை நம் மண்ணுக்கு ஏற்றபடி வளைத்த அபூர்வமான இடம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. “சார், அந்தக் கிரேக்கத்துக்காரி போகாதன்னா போனா. எங்க அண்ணன் எழுதுனவ நில்லுன்னா நிக்கா. பெறகு எதுக்கு சார் அவ சாகணும்?” என்று கேட்டேன். “நல்ல கோணம்” என்று சொல்லி எழுதிக்கொண்டார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

பிறகு உன்னை அடக்கம் செய்த இடத்தைப் படம் எடுக்க வேண்டும் என்றார். வேலுச்சாமியும் காதர் அண்ணனும் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் போனேன். ஒருத்தரும் தடுக்கவில்லை. ஆராய்ச்சி என்றால் பொம்பளை போகலாம் போல.

அங்கே போனால் உன்னைக் காணோம்.

போன வருஷத்து மழையில் மேடெல்லாம் அமுங்கி, வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்து, மேலே சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. வேலுச்சாமி ஒரு இடத்தைக் காட்டினான். காதர் அண்ணன், இல்லப்பா, இன்னும் மேற்கே என்றார். “நாந்தான தலைமாட்டுல நின்னேன்?” என்று இவன், “நான் எங்கன நின்னேன், ஆகாசத்துலயா?” என்று அவர். சித்தப்பா மகனுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். முதல் மண் போட்ட மகராசன், ஞாபகமில்லை என்றான். பேராசிரியர் பாவம், இரண்டு இடத்தையும் படம் எடுத்துக்கொண்டார். ஊரே உன் பின்னால் போனது அண்ணே, ஒருத்தனுக்கும் உன்னை எங்கே போட்டது என்று தெரியவில்லை. நான் வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இருட்டில் விட்டாலும் வந்து நின்றிருப்பேன்.

இப்போது நம்மைச் சென்னைக்கு ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள், அந்தத் தெருமுக்குக் காட்சியோடு. சுடுகாட்டுக்குப் போகிற மாதிரி இருந்தால்தான் நடிப்பேன், அதுவும் முதலில் அதே புதூர்க் கிராமத்தில்தான் ஆட வேண்டும், அந்தக் கீதாரி மறுபடி எழுந்து கேட்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வேலுச்சாமிக்கு முகம் சுண்டிப்போனது.

“அண்ணாச்சி எழுத்துல கை வைக்க நமக்கு என்ன உரிமை இருக்கு?”

“கிரேக்கத்துக்காரன் எழுத்துல கை வைக்க அண்ணனுக்கு இருந்துச்சுல்லா? அதே உரிமைதாம்.”

காதர் அண்ணன் சிரித்துவிட்டார். வேலுச்சாமி எழுந்து போனவன் இன்னும் ஒத்திகைக்கு வரவில்லை. வருவானோ மாட்டானோ. ராஜா இல்லாமல் அந்த நாடகத்தை எப்படிப் போடுவது என்று நீயாவது சொல்லியிருக்கலாம்.

உன் இடம் தெரியவில்லை என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிறகு அவளிடம் எதற்கு மறைக்க என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஒருத்தனுக்குமா தெரியல?”

“இல்லம்மா.”

“நாந்தான உங் கையப் பிடிச்சேன்” என்றாள். எனக்கு அவள் மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை, அது அவளுக்கும் தெரியும். இரண்டு நாள் கழித்து நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள்.

“நான் போனா நீ கூட வா ஏட்டி. எம் புள்ளைய எங்க போட்டிருக்குன்னுதான் தெரியல. என்னைய எங்க போட்டிருக்குன்னாவது ஒருத்திக்குத் தெரியட்டும்.”

போவேன் அண்ணே. யார் மறித்தாலும், நீ எழுதினதைச் சொல்லியே மறித்தாலும், தெருமுக்கோடு நிற்க மாட்டேன். அம்மாவை இறக்கும்போது குழிக்குப் பக்கத்தில் நான் நிற்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சண்முகத்தாய்