வாசிக்காமல் விட்ட வரி

திருமங்கலம்
1936 பிப்ரவரி 9

பிரியமுள்ள மகன் இன்பசேகரனுக்கு அப்பா எழுதுவது. கள்ளிக்கோட்டையில் மீன் இலாகா வேலையில் இருக்கிற உன்னைக் கர்த்தர் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறோம். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சுகமில்லை. அம்மாவுக்கு இளைப்பு குறைந்திருக்கிறது, ஆனால் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அதன் காரணத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் உரக்கடைக்கு இருபது வருஷமாக வருகிற நல்லகாமனை உனக்குத் தெரியுமே, கப்பலூர்ப் பக்கம் குத்தகைக்கு வயல் வைத்திருந்தவர். நேற்று அவரும் அவர் சம்சாரம் மாயக்காளும் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு மூணாறு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். உரமில்லாமல் நெல் வெளிறி, பாதிக்கு மேல் பதராகி, நிலக்காரர் வயலை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். இதற்கு நான்தான் காரணம். ஆடி மாசம் நீ எழுதியிருந்தாய், காற்று பலமாக அடிக்கிறது, கரையோரத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது, கடலடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர் இப்படியே மேலேறி வந்தால் மீனுக்குத் தீனி பெருகும், மத்தி கூட்டம் கூட்டமாக வரும் என்று. உன் கடிதம் வந்தால் கடையில் சத்தமாக வாசிப்பேன், எனக்கு அதில் அம்புட்டுப் பெருமை. நல்லகாமன் அப்போது வயலுக்கு உரமாக ஆட்டுக்கிடை போடக் கிடைக்காரர் சிவனாண்டியிடம் சொல்லிவைத்திருந்தார். நான் வாசித்ததைக் கேட்டு, மீன் உரம் வருதுன்னா கிடை எதுக்குண்ணே என்று சொல்லிச் சிவனாண்டியை வேண்டாமென்று அனுப்பிவிட்டார், ஆடுகளும் உசிலம்பட்டிப் பக்கம் போய்விட்டன. ஆனால் அந்தக் கடிதத்தின் கடைசியில், காற்று எப்போது வேண்டுமானாலும் அடங்கலாம், இதை நம்பி யாரும் எதுவும் செய்ய வேண்டாம் அப்பா என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் வாசிக்கவில்லை. சத்தியசீலன் மகன் கடலுக்கே நாடி பார்க்கிறான் என்று எல்லாரும் வாய் பிளந்து நின்ற நேரத்தில் அதை வாசிக்க மனசு வரவில்லை.

ஆவணியில் காற்று அடங்கியது. ஐப்பசி வரை ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தேன், உரத்துக்கு ஒரு மூட்டை மத்தித் தூள்கூட வரவில்லை. சில வருஷங்களுக்கு ஒருமுறை கடல் இப்படி மாறிவிடுகிறது, அடித்தண்ணீர் ஏறுவதில்லை, எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது, தவறு என்னுடையது என்று போன கடிதத்தில் எழுதி அழுதிருக்கிறாய். இல்லை மகனே, உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நேற்று உண்மையைச் சொல்லிவிடத்தான் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் நல்லகாமன், தம்பி மேல கோவிச்சுக்கிறாதீகண்ணே, கடல் ஏமாத்துனா புள்ள என்ன செய்யும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவர் மூட்டையைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினேன். பஸ் போய்விட்டது. ஊரில் இன்னமும் உன்னைத்தான் குறை சொல்கிறார்கள், அதையும் கேட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். இது தெரிந்துதான் அம்மா என்னோடு பேசுவதில்லை.

தண்ணீரின் சூடு பார்க்கப் படகில் போகும்போது ஜாக்கிரதை, ஈரத்தலையோடு இருக்காதே. கர்த்தர் உன்னைக் காப்பாராக, உனக்கு ஒரு குறையும் வைக்காதிருப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. இனி உன் உடம்பைப் பற்றி எழுது, சாப்பாட்டைப் பற்றி எழுது, கடலைப் பற்றி எனக்கு எழுதாதே. எழுதினால் நான் யாருக்காவது வாசித்துவிடுவேன்.

உன் அப்பா,
சத்தியசீலன்