கண் மூடாமல் நின்றவனுக்கு

இன்று சீமையிலிருந்து வந்த பெட்டியை உடைத்தபோது, புது றப்பரின் நெடி துப்பாக்கிக் கடையின் பின்பட்டறை முழுவதும் ஏறியது. சுடும்போது தோளில் உதைக்காமலிருக்க, துவக்கின் அடிக்கட்டையில் பொருத்துகிற தடித்த சிவப்பு றப்பர். முன்பெல்லாம் நீ ஒன்றை எடுத்து என் மூக்கடியில் நீட்டுவாய். "சீமைப் பலகாரம், கடி மச்சான்" என்பாய். இன்று நானே எடுத்து, நானே முகர்ந்து, நானே வைத்தேன். அது உன் வெள்ளைக்காரத் துரைக்கு. அவருடைய துவக்கு இன்னும் உதைக்கிறதாம். முன்னதைவிடத் தடிப்பாக வேண்டுமாம்.

நீ செத்தது அந்தத் துவக்குக்குப் பக்கத்தில்தான்.

நாம் இருவரும் பின்கதவால் வந்து பின்கதவால் போனவர்கள். நீ துவக்குக்கு மரக்கட்டை செதுக்கினாய், நான் இரும்பு துடைத்தேன். எனக்கு அது போதுமாயிருந்தது, உனக்குப் போதவில்லை. முன்கடை வேண்டும் உனக்கு. மின்விசிறி, கண்ணாடி அலுமாரி, கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிற வேலை. கடையை நடத்துகிற பெரிய கிளாக்கரிடம் கேட்டாய். அவர் எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார்.

"முன்னுக்கு நிக்கிறவன் துவக்கைச் சுட்டுக் காட்டவேணும். நீ வெடிக்க முன்னமே கண்ணைப் பொத்துறாய். உன்னைப் பாத்தா ஆர் துவக்கு வாங்குவான்?"

அவர் சொன்னது உண்மை. அதுதான் உன்னைச் சுட்டது. முதல்முதல் பெரிய றைபிளைச் சரிபார்க்கச் சுட்டபோது உன் தோள் நீலமாய்க் கன்றியது. அதற்குப் பிறகு, விரல் விசையைத் தொட்டதுமே உன் கண் மூடும், தோள் பின்வாங்கும், குழல்வாய் கீழே போகும்.

தெஹிவளைக்கு அப்பால், கடைத் துவக்குகளைச் சரிபார்க்கிற மண்மேட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தீர்க்கத் தொடங்கினோம். நீ மறுபக்கம் திரும்பி நிற்பாய். நான் தோட்டாவை இடுவேன். சில தடவை மருந்தில்லாத வெறும் கோதை இடுவேன். எது உள்ளே இருக்கிறதென்று உனக்குத் தெரியாது. முதல் வெறுங்கோதுக்கு 'டிக்' என்றது துவக்கு. வெடியும் இல்லை, உதையும் இல்லை. ஆனால் குழல் மண்ணைப் பார்த்துக் குனிந்தது.

"துவக்குச் சும்மா இருக்கு. நீதான்டா துள்ளுறாய்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. "நான் கண்ணை மூடேல்லை எண்டுதான் நினைச்சனான்" என்றாய். "எங்கடை உடம்பே எங்களுக்குப் பொய் சொல்லுது மச்சான்."

அந்தப் பொய்யை உடம்பிலிருந்து சீவி எடுத்தோம். கட்டை உனக்கு நீளம். உன் அளவுக்குக் குறுக்கினாய். அடியில் குடைந்து ஈயம் ஊற்றினாய். பாரம் கூடினால் உதை குறையும். பாதிப் பயம் சத்தத்தால் என்று காதில் பஞ்சு அடைத்தாய். சின்னத் துவக்கில் தொடங்கி மெல்ல மெல்லப் பெரியதுக்கு வந்தாய். "விலத்திப் பிடிச்சா அடிக்கும், அணைச்சுப் பிடிச்சாத் தள்ளும்" என்று எனக்கும் சொல்லித் தந்தாய்.

அது போதாதென்று, வெள்ளவத்தையில் நம் அறைக்குப் பின்னால் றெயில் பாதைச் சுவரோரம் மாலையில் நிற்பாய். கையில் கழித்துவிட்ட கட்டை, அதில் ஒரு பழைய விசை, நுனியில் ஒரு சதுர ஐந்து சதக் காசு. மாலை றெயில் சுவரைக் குலுக்கிக்கொண்டு போகும்போது விசையை அழுத்துவாய். காசு விழும். பொறுக்கி வைப்பாய். மறுநாளும் விழும். பக்கத்து வீட்டுக்காரர், "பொடியனுக்கு விசரோ?" என்று என்னிடம் கேட்டார். "ஓம்" என்றேன்.

ஒருநாள் றெயில் போய்விட்டது, காசு விழவில்லை. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, "என்ரை கண்ணைப் பாரடா, கண்ணைப் பார்" என்றாய். திறந்திருந்தது. கடல் காற்றில் நீர் வழிந்தது. ஆனால் திறந்திருந்தது.

அப்போதுதான் துரை வந்தார். துவக்கு பொல்லாததாம், இடப்பக்கம் சுடுகிறதாம். மண்மேட்டில் அவர் சுடுவதை நீ ஒருமுறை பார்த்தாய், விளங்கிவிட்டது. கிளாக்கரிடம் போனாய்.

"துவக்கிலை பிழையில்லை ஐயா. துரைதான் கண்ணை மூடுறார். ஒரு வெறுங்கோது போட்டுக் காட்டினாத் தெரியும்."

"வெள்ளைக்காரன் பயப்பிடுறானெண்டு நீ காட்டப் போறியோ? வாயை மூடிக்கொண்டு றப்பரைத் தடிப்பாப் போடு."

போட்டாய். இந்த ஊரில் துரைமாரின் பயத்துக்கு நாம்தான் றப்பர் போட வேண்டும். பிறகு கிளாக்கரே உன்னைத் துரையோடு வன்னிக் காட்டுக்கு வேட்டைக்கு அனுப்பினார். இரண்டாவது துவக்கைச் சுமக்க வேண்டும். துரை கை நீட்டினால் கொடுக்க வேண்டும். துரை சொல்லாமல் வெடி வைக்கக் கூடாது. திரும்பி வந்தால் முன்கடை. நான் வேண்டாமென்றேன். "ஒரு கதவு திறக்குது மச்சான், அதை ஏன் சாத்துறாய்?" என்றாய்.

உன் செய்தியைக் கொண்டுவந்தவர் உங்களுக்குக் காட்டில் வழிகாட்டிய வன்னிக்காரர். பின்கதவடியில், தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று சொன்னார்.

"முதல் வெடி மண்ணிலை, தம்பி. மற்றது காட்டெருமையின்ரை வயித்திலை. அது திரும்பினவுடனை துரை ஓடிப்போய் மரத்திலை ஏறிட்டார். உங்கடை பொடியன் நிண்ட இடத்திலையே நிண்டவன். துரை வாங்குவாரெண்டு மற்றத் துவக்கைக் கட்டைப்பக்கமா நீட்டிக்கொண்டு நிண்டவன், எருமை வந்து குத்துமட்டும்."

"அவன் சுட்டிருக்கலாமே?"

"சுட்டிருக்கலாம். சொல்லாமல் சுடப்படாதெண்டு கண்டிப்பாச் சொல்லியிருந்தவை. கண் நல்லாத் திறந்துதான் இருந்தது, தம்பி."

குளக்கட்டில் உன்னைப் புதைத்துவிட்டார்களாம். கொழும்புவரை கொண்டுவர வண்டியில் இடமில்லையாம். வயிற்றுக் காயத்தால் பிறகு செத்த எருமையின் கொம்புகள் வந்தன. அவை முன்கடைச் சுவரில் இருக்கின்றன. அவற்றின் கீழே, உனக்குச் சொன்ன இடத்தில், யாரோ ஒரு கனவானின் மருமகன் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அவனுக்குத் துவக்குப் பிடிக்கவே தெரியாது. அவனை யாரும் மண்மேட்டுக்குக் கூட்டிப்போகவில்லை.

மத்தியானம் துரை வந்தார். றப்பரைப் பொருத்திக் கொடுத்தேன். வெறும் துவக்கைத் தோளில் வைத்து விசையை இழுத்தார். 'டிக்' என்பதற்கு முன்பே கண் மூடிவிட்டது. "இப்போது நல்ல மெது" என்றார். புறப்படும்போது ஏதோ நினைத்துக்கொண்டவர்போல் திரும்பி, "உங்கள் ஆள் ஒருவன் என்னோடு வந்தானே, அசையாத பையன், அவன் பெயர் என்ன?" என்றார். சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார், வாயில் நிற்கவில்லை. விட்டுவிட்டுப் போனார்.

பயந்தவன் உயிரோடிருக்கிறான். பயத்தைச் சீவி எறிந்தவன் மண்ணுக்குள் இருக்கிறான். இதில் என்ன நியாயமென்று கேட்க எனக்கு ஒரு சாமியும் இல்லை.

மாலை றெயிலின் சத்தத்தைத் தாங்கமுடியாமல் வெள்ளவத்தை அறையை விட்டுவிட்டேன். இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். கோயில் பெருநாளுக்குச் சீனவெடிப் பட்டாசு போட்டார்கள். என் கண் இறுக மூடியது, தோள் துள்ளியது. பக்கத்தில் நின்றவன், "என்னடா, துவக்குக்கடைக்காரன் சீனவெடிக்குச் சாகிறாய்!" என்று சிரித்தான். சிரிக்கட்டும். இதைத் தீர்க்க நான் எந்த மண்மேட்டுக்கும் போகப்போவதில்லை.

ஆனால் கண்ணை மூடினாலும் தப்பவில்லை, மச்சான். மூடுகிற ஒவ்வொரு தடவையும் அங்கே நீ நிற்கிறாய், கட்டைப்பக்கத்தை முன்னே நீட்டிக்கொண்டு. வாங்க ஆளில்லை.